சத்தியபாமா அக்கா பெயரில் இருந்த லைற் பில்

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக் குசினியில் எங்களோடு சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிறவர்களில், சம்பளத்துக்கு முதல் நாளும் கையில் காசு வைத்திருப்பவர் சத்தியபாமா அக்கா ஒருவர்தான். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைச் சுளிப்பார். அப்படிப்பட்டவர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, சின்னதாக ஒரு கார் வாங்க வங்கியில் கடன் கேட்டார். தர முடியாது என்றுவிட்டார்கள். நாலு வருடத்துக்கு முந்திய லைற் பில் ஒன்று கட்டாமல் கிடக்கிறதாம். ஆயிரத்துச் சொச்ச டொலர். அது வசூலிக்கிறவர்களின் கைக்குப் போய், அக்காவின் பெயரைக் கெடுத்துவிட்டிருந்தது.

அந்த பில் அவர் ஒருவருடையதல்ல. அப்போது ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு மாடி யூனிற்றில் மூன்று பேர் கூட்டாக இருந்தார்கள். அக்கா, நேர்சிங் படித்துக்கொண்டிருந்த மானிப்பாய் மயூரா, கணினி வேலைக்கென்று திருச்சியிலிருந்து வந்த ஸ்ருதி. மூத்தவர் என்பதால் கரண்ட் கணக்கு அக்காவின் பெயரில். வருகிற பில்லை மூன்றாய்ப் பிரித்துக்கொள்வார்கள்.

பிறகு மயூரா கலியாணம் கட்டி மெல்பேர்னுக்குப் போனாள். ஸ்ருதிக்குப் பேர்த்தில் வேலை கிடைத்தது. அக்கா கிரவீனில் ஒரு குடும்பத்தின் பின்னறைக்கு வாடகைக்கு வந்தார். வந்த நாளிலிருந்து அந்த இரண்டு பேரின் கதைதான். ஸ்ருதி சாம்பாருக்குள் வெல்லம் போட்டதும், அதைப் பார்த்து மயூரா சண்டை பிடித்ததும் எனக்கே பாடம். ஆனால் இரண்டு பேரில் ஒருத்திகூட ஒரு நாளும் ரெலிபோன் எடுத்ததில்லை.

“வேலை, பிள்ளைகுட்டி எண்டு இருக்குங்கள். எடுப்பினம்” என்பார் அக்கா. தைப்பொங்கலுக்குச் சொல்வார், தீபாவளிக்கும் சொல்வார்.

கார் எதற்கு என்று கேட்டால் ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு என்பார். கோயிலுக்குத்தான் நான் மாதாமாதம் கூட்டிக்கொண்டு போகிறேனே! என் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் பின் சீற்றில் ஒடுங்கிக்கொண்டு வருவார். முந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் அதே கோயிலுக்குப் போன ஸ்ருதியின் ஓட்டைக் காரில் முன் சீற்று அவருடையது. அவருக்கு வேண்டியிருந்தது கார் அல்ல, அந்த ஞாயிற்றுக்கிழமைகள். இது விளங்க எனக்குக் கனகாலம் எடுத்தது.

பில் கதை வெளியே வந்ததும் நான் குதித்தேன். இந்த விஷயங்களில் எனக்குப் பொறுமை கிடையாது. “ரெண்டு பேருமாச் சேர்ந்து உங்கடை தலையிலை மிளகாய் அரைச்சுப்போட்டுப் போட்டாளவை. எடுத்துக் கேளுங்கோ!” என்றேன்.

அக்கா எடுக்கவில்லை. காசு போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தெரிந்துதான் விட்டுவிட்டுப் போனார்களா என்பதுதான் அவரைத் தின்றது. ஆம் என்று பதில் வந்துவிட்டால், இத்தனை வருடம் காத்துக்கிடந்ததற்கு அர்த்தமே இல்லை. ஒரு கிழமை சரியாகச் சாப்பிடாமல் திரிந்தார். கடைசியில் ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில், என் காருக்குள் இருந்து மயூராவின் நம்பரை நான்தான் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஹலோ, ஆர்?”

“நான் சத்தியபாமா.”

“அக்கா…” என்றாள் மயூரா.

“அந்த யூனிற் லைற் பில்லடி…”

“தெரியும் அக்கா. அது உங்கடை அம்மா செத்த நேரம் வந்த பில். செத்தவீட்டிலை ஆராவது பில்லை நீட்டுவினமோ? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும் எண்டு நானும் ஸ்ருதியும் ஒளிச்சு வைச்சனாங்கள்.”

அந்தச் சாவு எனக்குத் தெரியும். ஊரில், கோண்டாவிலில் தாய் இறந்தபோது அக்காவின் விசா முடிவாகவில்லை. போனால் திரும்பி வர முடியாது. அவர் போகவில்லை. துக்கம் முழுவதும் அந்த மாடி யூனிற்றுக்குள்தான் நடந்தது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியதும், முப்பத்தொரு நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் அண்டாமல் சமைத்ததும் அந்த இரண்டு பெட்டைகள்தான்.

“பிறகு வீடு விடுற அவசரத்திலை, ஸ்ருதி கட்டீட்டா எண்டு நான் இருந்திட்டன். நான் கட்டீட்டன் எண்டு அவ” என்றாள் மயூரா.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அதென்ன, ஒரு பில் ஆயிரத்துச் சொச்சமோ?” என்று பக்கத்திலிருந்து கேட்டேன்.

“சரியான குளிர் அன்ரி. அக்கா கட்டிலிலை படுக்கமாட்டன் எண்டு வெறும் பாயிலை கிடந்தவ. நாங்கள் ராப்பகலா ஹீட்டரை நிப்பாட்டேல்லை. ஸ்ருதி தன்ரை அறை ஹீட்டரையும் தூக்கிக்கொண்டு வந்து வைச்சவ. ‘அக்கா ஏற்கனவே நடுங்குறாங்க, இது ஓடட்டும்’ எண்டு சொன்னவ.”

அக்கா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அந்த நாட்களில் தனக்குக் குளிர்ந்ததாகவே ஞாபகமில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

“ஏனடி பிள்ளை ஒருக்காலும் எடுக்கேல்லை?”

“பிறகொரு நாள் ஸ்ருதியோடை கதைக்கேக்கைதான் ஆரும் கட்டேல்லை எண்டு தெரிஞ்சுது, ரெண்டு பேருக்கும் வெக்கமாப் போச்சு அக்கா. எடுத்தா முதல் அதைச் சொல்லோணும். நாளைக்கு, நாளைக்கு எண்டு…” மயூரா அழத் தொடங்கினாள். காசு வேண்டாம், நான் கட்டுகிறேன் என்று அக்கா எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை.

மறுநாளே மெல்பேர்னிலிருந்து ஒரு பங்கும், அதற்கடுத்த நாள் பேர்த்திலிருந்து ஒரு பங்கும் வந்தன. தன் பங்கையும் சேர்த்து அக்கா கட்டி முடித்தார். நான் வென்றுவிட்ட சந்தோஷத்தில் குசினி முழுக்கக் கதையைச் சொல்லித் திரிந்தேன். அக்காவோ தட்டுகளைத் துடைத்தபடி, “இனி என்னத்தைச் சொல்லி எடுக்கிறது, சிவாஜினி?” என்றார்.

இரண்டு கிழமை கழித்துக் கோயிலுக்குப் போனோம். பிள்ளைகள் தோசை வாங்க ஓடிவிட்டார்கள். அக்கா காருக்குள்ளேயே இருந்து, தானாகவே மயூராவுக்கு எடுத்தார். பக்கத்துச் சீற்றில் இருந்த எனக்கும் அவள் குரல் கேட்டது.

“என்னக்கா, காசு வரேல்லையோ?” பின்னால் குழந்தை வீரிட்டு அழுதது.

“வந்தது. கட்டியும் போட்டன்.”

“அப்ப வேறை ஏதும் பில் கிடக்கோ?”

“இல்லையடி. எல்லாம் முடிஞ்சுது.” அக்கா ரெலிபோனை மற்றக் காதுக்கு மாற்றினார். “சும்மாதான் எடுத்தனான். உன்ரை குரலைக் கேக்கோணும் போல கிடந்தது.”

“வைச்சிடாதேங்கோ அக்கா. இவனைப் படுத்திப்போட்டு வாறன். லைனிலை நில்லுங்கோ” என்றாள்.

பூசைக்கு மணி அடித்தது. நான் வாருங்கள் என்று சைகை காட்டினேன். அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, மெல்பேர்ன் வீட்டில் குழந்தை அழுவதையும், அவள் அதை ஆராட்டித் தூங்கவைப்பதையும் கேட்டபடி, ரெலிபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தார்.