அக்கா வீட்டுச் சுவரில் ஓடிய ஏசி

எழுதத் தெரியாமல் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதற்கப்புறம் கையெழுத்துப் போடுவதைத் தவிரப் பேனா பிடித்ததில்லை. மறதியும் வந்துவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் சொல்லிவிடுகிறேன். வாசகசாலையில் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, உங்கள் வீட்டில் நடந்தது ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். மற்றவர்கள் நோம்பி, கல்யாணம் என்று எழுதுவார்களாக இருக்கும். எனக்கு ஏசி வாங்கினதைத் தவிர வேறெதுவும் மனசில் நிற்கவில்லை.

எங்கள் வீடு வேலந்தாவளத்துச் செக்போஸ்ட்டுக்குக் கேரளப் பக்கம். அக்கா வீடு தமிழ்நாட்டுப் பக்கம். நடந்தால் கால்மணி நேரம்கூட ஆகாது. வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாயும் கோணிக்கொண்டதால் பேச்சு குழறும், எனக்கு மட்டும்தான் புரியும். பழைய ஓட்டு வீட்டை இடித்துக் கான்கிரீட் தார்சு போட்டுக் கட்டினது அவர்தான். அந்தத் தார்சுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தார். மாசி முடிந்ததும் மத்தியானத்தில் சுவரைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி இருக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் வாரி இறைக்கும்.

அந்த வருஷம் பங்குனியில் காய்ச்சல் மாதிரி உடம்பு கொதித்து, கேரளத்துச் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தோம். கிளம்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இவர் உடம்புக்கு இனிமேல் சூட்டைத் தாங்கிக்கொள்ளத் தெரியாது, அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கோடையைத் தாண்டுவது கஷ்டம் என்றார். "நல்ல கம்பெனி ஏசியாப் பாத்து வாங்குங்கம்மா" என்றும் சொன்னார். எது நல்ல கம்பெனி என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. எனக்கு எப்போதுமே அப்படித்தான். கேட்க வேண்டிய இடத்தில் கேட்க மாட்டேன்.

ஊரில் விசாரித்தேன். தேங்காய் மண்டிக்காரர் வீட்டில் ஒரு பேர் சொன்னார்கள். அதையே வாங்கி ஒரே வருஷத்தில் தூக்கிப்போட்டதாகச் சொன்னாள் தையல்காரி. பம்பு செட்டு ஓடும் நேரத்தில் கரண்டு இறங்குமே, அதைத் தாங்குவது வேறொன்று என்றார் வயர்மேன். யார் சொன்னதும் மனசில் உட்காரவில்லை. ஆஸ்பத்திரி அறையில் இருந்த ஏசியில் அவர் பத்து நாளும் நிம்மதியாகத் தூங்கினதுதான் கண்ணில் நின்றது. அதனால் மறுபடி மாத்திரை வாங்கப் போனபோது, அந்த அறை வாசலில் நின்று அதிலிருந்த இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துப் பார்த்து மாத்திரைக் கவரின் பின்னால் வரைந்தேன். கோலம் பார்த்துப் போடுகிற மாதிரித்தான்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"இதுதானுங்க மாமா. ஆஸ்பத்திரில இருந்ததே அதே."

"பல்லப் புடிச்சுப் பாத்தியா?" என்று குழறினார். மாடு வாங்குகிறவன் பல் பார்ப்பதைச் சொன்னார்.

"அதுக்குப் பல்லு எங்கிருக்குதுங்க?"

"அப்ப, வித்தவன் கட்டுத்தறியவாச்சும் பாத்துப்போட்டு வா."

வேலந்தாவளச் சந்தையில் மாடு வாங்கினால் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. விலை பேசி முன்பணம் கொடுத்த பிறகும் மாட்டை ஓட்டி வர மாட்டார். விற்றவன் வீடு எவ்வளவு தூரமானாலும் போய், அவன் கட்டுத்தறி, தண்ணித் தொட்டி எல்லாம் பார்த்த பிறகுதான் கயிற்றைப் பிடிப்பார். நாளைக்கு மாட்டுக்கு ஒன்றென்றால் இந்த ஆள் வருவானா மாட்டானா என்பது அங்கே தெரியும் என்பார். நான் அப்போது சிரித்துவிட்டேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோயமுத்தூரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். மாத்திரைக் கவரைக் காட்டினேன். கடைக்காரர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷன்தான். "தங்கமான மிசினுங்கம்மா. எந்தூருங்க டெலிவரி?" என்றார்.

"வேலந்தாவளத்துக்கு அந்தப் பக்கமுங்க."

"கேரளாவுங்களா? எங்க வண்டி செக்போஸ்டு தாண்டாதுங்களே. இந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா அவங்க அட்ரஸ் குடுங்க. எறக்கிக் குடுத்தர்றோம்."

அக்கா முந்திக்கொண்டாள். "எங்கூட்டு அட்ரஸ எழுதிக்கங்க தம்பி. அவ ஊடு வேற, எங்கூடு வேறயா?"

எங்கள் பக்கத்தில் இது ஒரு தப்பே இல்லை. கல்யாணச் சீர் கட்டிலோ, தண்ணி மோட்டாரோ, எது வாங்கினாலும் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் அட்ரஸில் இறக்கி, டெம்போவில் போட்டு இங்கே கொண்டு வருவதுதான் வழக்கம். நான் கொண்டு வந்த சீரே அப்படித்தான் வந்தது. அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பில் அக்கா வீட்டுக்கு ஆனது. ஏசி எங்கள் வீட்டுக்கு வந்தது. வயர்மேன் மாட்டிக் கொடுத்தார்.

இருபது நாள் நன்றாக ஓடியது. அந்த இருபது நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் தயிர் சோறு கேட்டுச் சாப்பிட்டார். முதுகுப் புண் ஆறத் தொடங்கியது. ஒருநாள் போர்வை கேட்டார். சித்திரை மாசத்தில் ஒரு மனுஷன் போர்வை கேட்கிறாரே என்று நான் அடுப்படியில் போய் அழுதேன்.

அப்புறம் ஒருநாள் ஏசி வெறும் காற்றை ஊதியது. கம்பெனி நம்பருக்குப் போன் செய்தோம். மறுநாள் ஆள் வருவார் என்றார்கள். வந்தார், அக்கா வீட்டுக்கு. அக்கா போனில் கத்தினாள்.

"ஏங் கண்ணு, ஒருத்தன் ஏணியத் தூக்கீட்டு வந்து மிசின் எங்கீங்கறான். நா எதக் காட்டறது, அம்மிக்கல்லையா?"

"போன அவருகிட்டக் குடுங்கக்கா."

கொடுத்தாள். "சாமி, செக்போஸ்டு தாண்டி ரெண்டு எட்டுத்தானுங்க, வந்துட்டுப் போங்க" என்று கெஞ்சினேன்.

"அது எங்க ஏரியா இல்லீங்கம்மா. அங்க வந்து மிசின்ல கை வெச்சா என்ற வேலை போயிரும்."

கேரளப் பக்கத்து ஆபீசுக்குப் பேசினோம். ஒரு பெண் எடுத்தாள். "அம்மே, பில்லில் கோயம்புத்தூர் அட்ரஸ் ஆணல்லோ" என்றாள். அட்ரஸை மாற்றி எழுதிக் கொடுக்க வேண்டும், மேலே அனுப்பி வர இரண்டு வாரமாகும் என்றாள். அவள் மேலும் தப்பில்லை. என் வீட்டுச் சுவரில் தொங்குகிற ஏசி அவள் கணக்கில் என் வீட்டில் இல்லை.

இரண்டு வாரம் எங்கே இருக்கிறது? அவருக்கு அதற்குள் மறுபடி உடம்பு கொதிக்க ஆரம்பித்திருந்தது. ஈரத் துண்டு போட்டால் போட்ட உடனே காய்ந்தது. திரும்பவும் அந்த ஏணிக்காரரிடம் பேசினபோது அவர் பாதி விளையாட்டாகச் சொன்னார். "ஒண்ணு பண்ணுங்கம்மா. மிசினக் கழட்டீட்டு வந்து உங்கக்கா ஊட்டுச் செவுத்துல மாட்டீருங்க. மாட்டுன மிசினத்தான் நா பாக்க முடியும்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னதை நாங்கள் செய்தோம். வயர்மேன் கழற்றினார், டெம்போ வந்தது. அக்கா வீட்டு முன்னறையில் சுவரைத் துளைத்து மாட்டினோம். ஏணிக்காரர் வந்து பார்த்து, ஒரு சாமான் வர வேண்டும், நாலு நாளாகும் என்றார்.

வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு வேறெங்காவது போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அக்காவும் கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நானும் கேட்டேன். அவர் இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "என்ற ஊட்டுலயே கெடக்கறேன், புள்ள" என்றார். அந்தக் கையைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. பிரித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள், சந்தை நாள் அது, அவருக்கு மூச்சு ஒரு மாதிரி ஆனது. ஏணிக்காரர் வந்தால் திறந்துவிடச் சொல்லி, அக்கா தன் வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டு பேரும் மாறி மாறி விசிறினோம். சந்தைக்கு மறுநாள் மத்தியானம், வெயில் தாழவே இல்லை, அவர் போய்விட்டார். சுவரில் ஏசி இருந்த இடத்தில் நாலு ஓட்டை. கண்ணை மூடுகிற வரைக்கும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது ஏணிக்காரர் போன் செய்தார். "மிசின் ரெடிங்கம்மா. சும்மா ஜில்லுன்னு ஓடுது. நல்ல மிசினுங்க, பாத்துத்தான் வாங்கியிருக்கீங்க." நான் "சரிங்க" என்றேன். "கம்பெனியில இருந்து போன் வரும், நல்லாச் செஞ்சாருன்னு சொல்லீருங்கம்மா" என்றார். அதற்கும் "சரிங்க" என்றேன். அவர் இறந்துவிட்டார் என்று சொல்ல வரவில்லை. பிறகு போன் வந்தது. நல்லாச் செஞ்சாருங்க என்று சொன்னேன்.

அதோடு விட்டிருந்தால்கூடத் தேவலை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த அந்தச் சாவிக்காரப் பெண் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள். "மிசின்காரரு சந்தை நாளன்னைக்கே வந்து சரி பண்ணிப்போட்டாருங்க. மாடு கட்டியிருந்ததுல வண்டி நிறுத்த எடமில்லாம முனகிக்கிட்டே வந்தாரு. உங்ககிட்ட அவரே சொல்றேன்னாரு."

அக்கா பாய்ந்தாள். "உனக்கு நாளும் கெழமையும் என்னிக்குத் தெரிஞ்சுது? மறுநாத்தான் வந்தான். நீ அவ சொல்றதக் கேக்காத கண்ணு."

சந்தை நாளே சரியாகியிருந்தால், அன்று சாயங்காலமே டெம்போ அனுப்பியிருக்கலாம். ஒரு ராத்திரியும் ஒரு காலையும் அவருக்குக் குளிர்ச்சி கிடைத்திருக்கும். அதனால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அக்காவும் நானும் இதைப் பற்றிப் பிறகு பேசவில்லை. ஏசி இன்னும் அவள் வீட்டில்தான் இருக்கிறது. இந்த வெயிலிலும் அவள் அதைப் போடுவதில்லை. எடுத்துக்கொண்டு போ என்றும் சொல்வதில்லை.

ஏணிக்காரர் வேலை முடித்து அந்தச் சாவிக்காரப் பெண்ணிடம் கொடுத்த சீட்டு, என் துணிப்பெட்டியில் அந்த மாத்திரைக் கவரோடு இருந்தது. அதில் தேதி எழுதியிருக்கும். எண் படிக்க எனக்குத் தெரியும். இதுவரை மடிப்பைப் பிரிக்கவில்லை. இப்போது அதை எடுத்து, பஞ்சாயத்தில் கொடுத்த இறப்புச் சீட்டையும் அதோடு சேர்த்து இந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். வாசகசாலையில் இதைத் திருத்தி எழுதுகிறவர்கள் தயவுசெய்து இரண்டு தேதியையும் பார்த்து, நான் முன்னே பின்னே எழுதியிருந்தால் சரி செய்துவிட வேண்டும். எது சரி என்று நோட்டில் எழுதினால் போதும். எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.