பொன்மலை என்ற பெட்டி

மைக்குகளைச் செருகுகிற மேடையோரத்துப் பெட்டிக்குப் பொன்மலை என்று பேர் வைத்தது அவள்தான். மாடியறையில் என் பக்கம் இருந்த, ஒலிகளைக் கலந்து அனுப்புகிற மிக்சருக்கு ஸ்ரீரங்கம். அவள் பிறந்த ஊர், நான் பிறந்த ஊர். மன்னார்புரத்துக் கல்யாண மண்டபத்தில் ஒலி வேலை எங்கள் இருவருடையது. கீழே மேடையருகே என் மனைவி. மேலே கண்ணாடிக்குப் பின்னால் நான்.

முன்பு மைக்குக்கு ஒரு வயர். இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒற்றை நெட்வொர்க் கேபிள். நாதஸ்வரம், தவில், புரோகிதரின் மந்திரம், எல்லாம் அதற்குள் ஒன்றின்மேல் ஒன்று படாமல் ஓடும். எந்தச் சேனல் எங்கே போய்ச் சேர வேண்டும் என்று லேப்டாப் திரையில் கட்டம் பார்த்துத் தொட்டுவிட்டால் பச்சை டிக் விழும். கேட்கிற பெட்டி, அதாவது என் மிக்சர், அனுப்புகிற பெட்டியின் பேரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். வேறெதுவும் அதற்கு வேண்டாம்.

கடைசிச் சேனல் அவளுடையது. சபைக்குப் போகாது, என் ஹெட்ஃபோனுக்கு மட்டும் வரும்.

"ஏங்க, பொண்ணோட மாமா மைக்கைப் பிடிச்சுட்டாரு, விடமாட்டாரு போலிருக்கு. குறைச்சு வைங்க."

"தவில்காரர் வெத்தலை போடறாரு. இப்ப ஏத்தாதீங்க."

"காலை ஆட்டாதீங்க. கீழேர்ந்து பாத்தா கண்ணாடியே நடுங்குது."

என் பக்கத்திலிருந்து அவளுக்கு ஒரு சேனல் போடவா என்று கேட்டதற்கு, "நீங்க பேச ஆரம்பிச்சா முகூர்த்தம் தப்பிடும். கேட்டா போதும்" என்றாள். கேட்டேன். ஒரு கல்யாணத்தின் மொத்த ஆரவாரத்துக்கும் அடியில் எனக்கென்று ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. காவிரிக்கு அடியில் ஓடுமே மணலோடு மணலாக ஒரு நீர், அப்படி.

ஆடி பிறந்தது. மண்டபம் காலியாகக் கிடக்கும் மாதம். "ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். தலை நரைத்த பிறகு ஆடிக்குப் போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தேன்.

"புதுப்பொண்ணா இருந்தா வந்து கூட்டிட்டுப் போவாங்க. நான் நானே போயிக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. அங்கே அம்மன் கோயில் திருவிழா, பெட்டி இங்கே சும்மாதானே கிடக்கும் என்று அதையும் கழற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள். ரயில்வே குவார்ட்டர்ஸில் அண்ணன் வீடு, அம்மாவும் அங்கேதான். மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரம் என்றுகூடச் சொல்லலாம்.

ஆவணி வந்தது. அவள் வரவில்லை. அண்ணன்தான் போனை எடுத்தார். "இங்கியே இருந்துடறேங்கறா, மாப்ள. நான் என்ன சொல்லட்டும்?"

முதல் முகூர்த்தத்துக்கு லேப்டாப்பைத் திறந்தேன். பச்சை இருந்த இடமெல்லாம் மஞ்சள் முக்கோணம். அனுப்புகிற பெட்டி போய்விட்டாலும் கேட்கிற பெட்டி குறித்துவைத்ததை அழிப்பதில்லை. அந்தப் பேர் மறுபடி கேபிளில் தென்பட்டால், யாரும் தொடாமலே போய் ஒட்டிக்கொள்ளும்.

வாடகைக்கு வேறொரு பெட்டி எடுத்து வந்தேன். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே வேலை பழகியிருந்த மண்டப மேனேஜர் கேட்டார்: "பழைய பேரையே இதுக்கும் போட்டா எல்லாம் தானா சேர்ந்துக்குமே, சார். எதுக்கு ஒண்ணொண்ணா தொட்டுக்கிட்டு?"

சேர்ந்துகொள்ளும். பெட்டி மாறியதே மிக்சருக்குத் தெரியாது. அதனால்தான் போடவில்லை. புதியதற்கு மேடை என்று பேர் வைத்து ஒவ்வொரு சேனலாகத் தொட்டு மாற்றினேன். அவள் சேனலுக்கு வந்தபோது விரல் போகவில்லை. அந்த வரி மட்டும் பழையபடி பொன்மலையையே பார்த்துக்கொண்டு மஞ்சளாக நின்றது.

"ஃபால்ட்டா சார்?"

"ஃபால்ட் இல்லீங்க."

ஐப்பசி மழையில் ஒரு நிச்சயதார்த்தம். கூட்டம் வருமுன் திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்.

"ஏங்க, ஒரு டவுட்டு."

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். "சொல்லு."

"பாலக்கரையில ஒரு மண்டபத்து வேலைக்கு ஒத்துக்கிட்டேன். இங்க உள்ளவங்களுக்குப் பொன்மலைன்னா ஊர்தான், பெட்டின்னு புரியல. பேரை மாத்தணும். வச்சவ நான்தான், மாத்தற இடம் மறந்துபோச்சு."

"லேப்டாப்புல பெட்டி பேரை ரெண்டு தட்டு தட்டித் திற. மேல பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள பேர் இருக்கும்."

"இருக்கு. அடிச்சுட்டேன்." திரையில் வந்ததைப் படித்தாள். "பேர் மாத்தினா பழைய இணைப்பெல்லாம் அறுந்துடும், பரவாயில்லையான்னு கேக்குது."

"கேக்கும்."

"ஆமான்னு குடுக்கட்டுமா?"

என் திரையில் அந்த ஒரு வரி. இந்தக் கேபிளுக்கும் அந்தப் பெட்டிக்கும் இப்போது ஒரு தொடர்பும் இல்லை. அறுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. அப்படியும் அவள் என்னைத்தான் கேட்டாள். என் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தாள். தகரக் கூரையில் மழை வலுத்தது.

"குடு."

தட்டுகிற சத்தம் கேட்டது. "மாறிடுச்சு."

"என்ன பேர்?"

"ஒண்ணாம் நம்பர்னு சும்மா வச்சிருக்கேன்." பிறகு, "சாப்டீங்களா?"

"ம்."

"சரிங்க. வச்சுடறேன்."

திரை அசையவில்லை. மஞ்சள் முக்கோணம் நின்ற இடத்திலேயே நின்றது. அந்தப் பேரில் இனி எங்கும் ஒரு பெட்டி இல்லை என்று அதற்கு யார் சொல்வது?

கீழே நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கை காட்டினார். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டேன். மைக்குகளின் ஒலியை ஒவ்வொன்றாக ஏற்றினேன். கடைசியில் இருந்த அவள் சேனலையும் ஏற்றி வைத்தேன்.