இருபத்தைந்து நிமிடக் குடித்தனம்

விமானத்தின் படிக்கட்டு தரையைத் தொட்டதும் கேப்டன் எசெகோன் முதலில் பார்ப்பது கைக்கடிகாரத்தை. அடுத்து வேலியோரம். அங்கே மஞ்சள் துணி தெரிந்தால் போதும், முகத்தில் ஒரு சின்ன இளக்கம் வரும். ஆனால் நேராக அங்கே போகமாட்டார். எதிர்ப்பக்கம் திரும்பி, விமானத்தைச் சுற்ற ஆரம்பிப்பார்.

சக்கரத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். இறக்கைக்கு அடியில் குனிந்து, எண்ணெய்க் கசிவு உண்டா என்று விரலால் தடவி முகர்வார். விசிறி இலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, ஓரத்தில் கல் பட்ட தடம் தேடுவார். இந்தச் சோதனையைத் துணை பைலட் கிப்டூவும் செய்யலாம், விதியில் தடையில்லை. ஏழு நிமிடம் பிடிக்கும் வேலை. நைரோபியிலிருந்து வந்து எங்கள் ஊர் லோட்வாரில் நிற்பதே மொத்தம் இருபத்தைந்து நிமிடம். “இத அந்தப் பையன்கிட்ட குடுத்துட்டு நீங்க போய் உக்காரலாமே கேப்டன்” என்று ஒருமுறை சொன்னேன்.

“இத முடிச்சாத்தான், லோகாலே, எனக்குச் சாப்பாடு இறங்கும்” என்றார்.

பிறகு என் மேசைக்கு வருவார். லோகாலே என்பது நான்தான்; இங்கே பெட்டிகளையும் ஆட்களையும் எடை போடுகிறவன். எடைச் சீட்டில் கையெழுத்து, எரிபொருள் சீட்டில் கையெழுத்து, அது ஒரு மூன்று நிமிடம். மிச்சம் பதினைந்து. அந்தப் பதினைந்தில்தான் அவர் புருஷனாகவும் தகப்பனாகவும் இருந்து முடிக்க வேண்டும்.

சரக்குக் கொட்டகையின் மேற்குச் சுவரோரம், வேலிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்ச் கிடக்கிறது. காவலாளி அந்த நேரத்துக்குக் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு வேறு எங்கோ பார்ப்பான். அவர் மனைவி நாவோய் மஞ்சள் துணியைப் போர்த்தி வந்து உட்கார்ந்திருப்பாள். மடியில் மூடிபோட்ட டப்பா. உள்ளே பொரித்த ஏரி மீனும் சோளக் களியும். பக்கத்தில் மகள் அருபே, ஏழு வயது, பள்ளி இடைவேளையில் ஓடி வந்த வேர்வையோடு, கணக்கு நோட்டை விரித்தபடி.

“என்ன, இன்னிக்கு ரெண்டு நிமிஷம் லேட்டு?” என்பாள் நாவோய்.

“எல்டொரெட் தாண்டினதும் எதிர்காத்து.”

“எதிர்காத்து, பின்காத்துன்னு நீங்க சொல்றத நான் ஏறிப் போயா பார்த்தேன்? எவளாச்சும் நின்னு கைய ஆட்டியிருப்பா.”

“பதினெட்டாயிரம் அடி ஒசரத்துலயா?”

“ஒசரமான பொம்பளையா இருக்கும்.”

கேப்டன் வாயில் களியோடு சிரிப்பார். சிரித்துக்கொண்டே மகளின் நோட்டில் ஒரு கூட்டலைத் திருத்துவார். கொஞ்சம் தள்ளி நின்று கிப்டூ ரொட்டியை மென்றுகொண்டிருப்பான். இரண்டு பைலட்டுகளும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடக்கூடாது என்பது விதி; ஒன்று கெட்டிருந்தால் இன்னொருவராவது தெளிவாக இருக்க வேண்டுமே. அவன் கண் மீன் மேலேயே இருக்கும். “ஏன் தம்பி, என் மீனு கெட்டுப்போயிருக்கும்னுதான் உங்க கம்பெனிச் சட்டம் சொல்லுதா?” என்று நாவோய் அவனைச் சீண்டுவாள். அவன் ரொட்டிப் பக்கம் குனிந்துகொள்வான்.

நாவோயைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும். ஏரிக்கரையில் இருக்கும் கலோகோலிலிருந்து விடிகாலை லாரியில் வரும் மீனை வாங்கி, உப்புப் போட்டு, காயவைத்து, தெற்கே அனுப்புகிறவள். அவள் கொட்டகையில் பதினாலு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒன்பது பேருக்குப் புருஷன் கிடையாது. லாரிக்காரனிடம் பேரம் பேச ஆரம்பித்தாள் என்றால் அவன் கடைசியில் “அக்கா, நீங்க சொன்னதே இருக்கட்டும்” என்று கும்பிடுவான்.

எசெகோன் பத்தொன்பது வயதில் லோகிசோகியோவில் நிவாரண விமானங்களுக்கு மூட்டை ஏற்றியவர். அங்கே ஒரு பாதிரியார் கண்ணில் பட்டு, படிப்புக்கு வழி பிறந்து, பைலட் ஆனார். எங்கள் பக்கத்திலிருந்து அந்த வேலைக்குப் போனவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணும் அளவுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று வளைகுடாவிலிருந்து. பெரிய விமானம், கடல் தாண்டும் பயணம், வீடு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இன்னொன்று எங்கள் நிறுவனத்திலிருந்து. முப்பத்தேழு இருக்கை, இரண்டு விசிறி, மேலே ஏறினால் எலும்பெல்லாம் ஆடும். ஆனால் அதன் கால அட்டவணையில் லோட்வார் என்று ஊர்ப்பெயர் இருந்தது.

“நீங்க போங்க” என்றாளாம் நாவோய். “நான் ஒண்ணும் கரைஞ்சு போயிட மாட்டேன்.”

“நீயும் வாயேன்.”

“நான் வந்துட்டா இந்தப் பதினாலு பேரும் எங்க போவாங்க? அந்த ஊர்ல நான் என்ன செய்யறது? கண்ணாடி ஜன்னல்ல நின்னு உங்க ஏரோப்ளேன எண்ணிக்கிட்டு இருக்கவா?”

பத்து நாள் யோசித்துவிட்டு அவர் சின்னக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருஷம் ஒரு விமானம் ராத்திரி லோட்வாரிலேயே தங்கும், பைலட்டும் தங்கலாம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை. விடுமுறை நாட்களில் அவர் நைரோபியில் ஒற்றை அறையில் கிடக்கிறார். எங்கள் விமானத்தில் காலி இருக்கை இருந்தால்தான் வீட்டுக்கு வரமுடியும். இருக்கை எப்போதும் நிரம்பியிருக்கும். பஸ்ஸில் வந்தால் வர ஒரு நாள், போக ஒரு நாள். மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் தூங்கினால் அது பெரிய மாதம்.

சில நாள் சாப்பிடும்போது எங்களுக்கு மேலே, மிக உயரத்தில், ஐரோப்பாவிலிருந்து தெற்கே போகும் பெரிய விமானம் ஒன்று வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டு போகும். கேப்டனின் கை டப்பாவிலேயே நின்றுவிடும். என்ன விமானம், எந்த ஊருக்குப் போகிறது, இப்போது உள்ளே பைலட் என்ன செய்துகொண்டிருப்பான் என்றெல்லாம் அருபேயிடம் சொல்வார். சொல்லி முடித்த பிறகும் கோடு கலையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் நாவோய் கிண்டல் எதுவும் பேசமாட்டாள். ஈ மொய்க்காமல் மீனின் மேல் கையை விசிறிக்கொண்டிருப்பாள்.

போன வருஷம் ஏப்ரலில் அவருக்கு மூன்று ராத்திரி விடுப்பு கிடைத்தது. காலை விமானத்தை அவரே ஓட்டிவந்து இங்கே இறங்கிக்கொள்வது, முந்தின நாளே வந்து காத்திருந்த இன்னொரு கேப்டன் அதைத் திரும்ப ஓட்டிப்போவது என்று ஏற்பாடு. ஆறு வாரத்துக்குப் பிறகு வீட்டில் தூங்கப்போகிறார். நாவோய் ஆடு அறுத்திருந்தாள். அருபேயைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பதினொரு மணிக்கே இருவரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பதினொன்றரைக்குக் காற்று கிளம்பியது. ஆற்றங்கரைப் பக்கமிருந்து மண் சுவர்போல எழுந்து வந்தது. அந்த மண்ணுக்குள்ளேயே ஒரு வாடகை விமானம், ஆறு பேர் உட்காருவது, குதித்துக் குதித்து இறங்கி நின்றது. பத்து நிமிடம் கழித்து எங்கள் விமானத்தின் சத்தம் கேட்டது. என் கைரேடியோவில் கேப்டன் கூப்பிட்டார்.

“லோகாலே, கம்பத்துக் காத்துப் பை எப்படி நிக்குது?”

“வெறைச்சுக்கிட்டு நிக்குது கேப்டன். குறுக்கால அடிக்குது. அப்பப்ப கொஞ்சம் விடுது.”

ஒருமுறை தாழ வந்து மேலே போனார். சுற்றினார். இரண்டாம் முறை இன்னும் தாழ வந்தார். சக்கரம் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. அருபே பெஞ்சின்மேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். விமானம் உறுமிக்கொண்டு மறுபடி மேலே ஏறியது.

“திரும்பறேன். எல்டொரெட் போறேன்” என்றது ரேடியோ. கொஞ்சம் இரைச்சல். பிறகு, “அவகிட்ட நீயே சொல்லிடு.”

நான் போய்ச் சொன்னேன். நாவோய் அந்த வாடகை விமானத்தைப் பார்த்தாள். “அவனுக்கு எறங்கத் தெரிஞ்சுது. உங்க கேப்டனுக்குத் தெரியலையாக்கும்” என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். விமானத்துக்குள் இருந்த பயணிகளும் கேப்டனை விடவில்லை என்று கிப்டூ பிறகு சொன்னான். உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் பைலட் அறைக் கதவைத் தட்டி, “ஒனக்கு யாருய்யா லைசென்ஸ் குடுத்தது?” என்று கத்தினாராம்.

விமானமும் ஆட்களும் இடம் மாறிப்போனதில் விடுப்பு ரத்தாகிவிட்டது. மறுநாள் அவர் வழக்கம்போல வந்தார். பெஞ்ச் காலியாக இருந்தது. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், விசிறியைத் திருப்பினார், கையெழுத்துப் போட்டார். பிறகு போய் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்ப்பக்கம் பார்த்தபடி நின்றார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“எறங்கியிருக்க முடியாதா கேப்டன்?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அவர் டீயைக் குடித்து முடித்தார். “முடிஞ்சிருக்கலாம்” என்றார். “வேற ஊரா இருந்தா ஒருவேளை மூணாவது சுத்தும் பார்த்திருப்பேன். புள்ள பெஞ்சு மேல நின்னு கைய ஆட்டறது எனக்குத் தெரிஞ்சுது லோகாலே. எறங்கணும்னு எனக்கு அப்ப இருந்த ஆசை இருக்கே, அதோட எறங்கக் கூடாது. பின்னால முப்பத்தேழு பேரு உக்காந்திருக்காங்க.”

அன்று சாயங்காலம் சந்தையில் இதை நாவோயிடம் சொன்னேன். மீன் அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. கேட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. அடுத்த இரண்டு நாளும் வரவில்லை. நான்காம் நாள் மஞ்சள் துணி வேலியோரம் தெரிந்தது. கேப்டன் அன்றைக்கும் விமானத்தைச் சுற்றிவிட்டுத்தான் போனார். அவள் டப்பாவைத் திறந்து வைத்தாள்.

“அந்த ஆசைய இன்னும் வெச்சிருக்கீங்களா, இல்ல எல்டொரெட்டுலயே எறக்கி வெச்சுட்டீங்களா?”

“கொண்டு வந்திருக்கேன்” என்றார்.

“அப்ப சாப்பிடுங்க.”

இந்த வருஷம் தினசரி விமானம் வாரத்துக்கு மூன்றாகக் குறைந்தது. செவ்வாய், வியாழன், சனி. மற்ற நாட்களில் அவரைக் கிசுமுவுக்கும் மலிந்திக்கும் அனுப்புகிறார்கள். அதே மாதம் வளைகுடாவிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. அவருக்கு இப்போது நாற்பத்தொன்று. இனி கூப்பிடமாட்டார்கள். நாவோய் அதைப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முறை வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். “இந்தத் தடவ நான் போங்கன்னும் சொல்ல மாட்டேன், இருங்கன்னும் சொல்ல மாட்டேன்” என்றாள்.

அடுத்த வாரம் அவர் என் மேசையில் குனிந்து நின்று பதில் எழுதினார். வரமுடியாததற்கு வருந்துகிறேன் என்ற வரி எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

“கேப்டன், வாரத்துக்கு முக்கால் மணி நேரம். அதுக்காகவா?”

“அங்க வருஷத்துக்கு ஆறு வாரம் லீவு. கூட்டிப் பார்த்தா அதுதான் ஜாஸ்தி. எனக்கும் கூட்டத் தெரியும்.” உறையை நாக்கால் நனைத்து ஒட்டினார். “செவ்வாக்கெழமை அருபேக்குப் பல்லு ஆடுச்சு. வியாழக்கெழமை விழுந்துடுச்சு. ரெண்டையும் பார்த்தேன்.”

உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அன்று மேலே ஒன்றும் போகவில்லை.

போன சனிக்கிழமை நைரோபியில் ஏதோ ஒரு கருவி வேலை செய்யாமல் விமானம் நாலு மணி நேரம் தாமதம். வீட்டுக்குப் போய்விட்டு வாங்க என்று நான் சொல்லியும் தாயும் மகளும் நகரவில்லை. விமானம் வந்தபோது மணி நாலு. அருபே பெஞ்சில் சுருண்டு தூங்கிவிட்டிருந்தாள். மத்தியானம் கொட்டகைக் கூரை கொஞ்சம் நிழல் தரும். அந்த நேரம் மேற்கு வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. நாவோய் டீ வாங்க என் மேசைப்பக்கம் வந்திருந்தாள்.

கேப்டன் கையெழுத்தெல்லாம் முடித்துக்கொண்டு போனார். மகளை எழுப்பக் குனிந்தவர், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு வெயிலுக்கு முதுகைக் காட்டி, ஒரு எட்டு இடப்பக்கம் நகர்ந்து, அரை எட்டுப் பின்னால் போய், தன் நிழல் சரியாக அவள் முகத்தில் விழும்படி நின்றார். நாவோய் வந்து டப்பாவைத் திறந்தாள். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். அவருடைய வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக் கறுத்தது. பயணிகள் ஏறினார்கள். பெட்டிகள் ஏறின. கிப்டூ படிக்கட்டில் நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான்.

கேப்டன் திரும்பி மனைவியைப் பார்த்தார். நாவோய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவந்து, அவருக்கு உரசினாற்போல நின்றாள். அவளுடைய நிழல் பிள்ளையின் முகத்தில் விழுந்த பிறகுதான் அவர் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தார்.