கோபர் கேஸும் கற்பூரத் தட்டும்

எழுபதுகளில் எங்கள் பக்கம் மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு. சாணத்தில் கேஸ் எடுத்து அடுப்பெரிக்கலாம் என்று, எருத்தேன்பதி என்ற ஊரில், ஒரு தோட்டத்து வீட்டில் முதல் பிளான்ட் கட்ட என்னை சூப்பர்வைசராக அனுப்பினார்கள். அது சொதப்பினால் அந்தப் பக்கம் இன்னொருவர் குழி தோண்ட மாட்டார். என் வேலையோ தற்காலிகம். குழியில் சாணி கரைத்து ஊற்றிய நாளிலிருந்து பொழுதுக்கும் அதையே சுற்றிவந்தேன்.

ஒருவழியாக, குழிமேல் கவிழ்த்திருந்த இரும்பு டிரம் கேஸ் சேர்ந்து மேலே எழும்பியது. முதல் கேஸில் காற்று கலந்திருக்கும். எரிக்கக் கூடாது, வால்வைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். பக்கத்தில் பீடி நெருப்பு இருந்தாலும் ஆபத்து. இதைத் தோட்டத்துச் சொந்தக்காரர் சின்னச்சாமியிடம் மூன்று தடவை சொன்னேன்.

"நானிருக்கறனுங்க, நீங்க ஏனுங்க பயப்படறீங்க?" என்றவர், பீடி பிடித்த ஆட்களை வேலிக்கு அந்தப்பக்கம் விரட்டினார்.

வால்வைத் திறந்தேன். உஸ்ஸென்று கேஸ் வந்தது. திரும்பிப் பார்த்தால், சமையற்கட்டு வாசலிலிருந்து அவர் மனைவி சரஸ்வதியம்மா வருகிறார். பட்டுச்சேலை, பின்னால் சொந்தபந்தம், கையில் தட்டு. தட்டில் கற்பூரம் எரிகிறது. நல்ல நேரம் முடிவதற்குள் டிரம்முக்கு ஆரத்தி எடுக்க வேண்டுமாம்.

நின்று விளக்க நேரமில்லை. காலடியில் சாணிக்கரைசல் வாளி இருந்தது. எடுத்து ஓடி, தட்டின் மேலேயே ஊற்றிவிட்டேன். கற்பூரம் அணைந்தது. பட்டுச்சேலை நாசம். திரும்பி ஓடி வால்வை மூடினேன்.

"சாமி நெருப்ப அணைச்சுப்போட்டியே, பாவி!" என்று ஒரு பெரியவர் அடிக்க வந்தார். விஷயத்தைத் திக்கித் திணறிச் சொன்னேன். கூட்டம் அப்படியே பின்வாங்கியது.

சரஸ்வதியம்மா மட்டும் நகரவில்லை. "இத முன்னாலயே சொல்றதுக்கு என்னங்க?"

"அய்யாகிட்ட மூணு தடவ சொன்னனுங்க."

"அடுப்புப் பத்த வெக்கறது அவருங்களா?"

சின்னச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். ஒரு உயிரைக் கொல்லப் பார்த்தது கற்பூரம் அல்ல, நான்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

"ஊட்டுக்குள்ள வாங்க," என்றார் அந்தம்மா. "மொதல்ல இருந்து சொல்லுங்க."

சாணி வழியும் சேலையோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த தடவை டிரம் நிறைந்தபோது அவரே பற்றவைத்தார். நீலமாக எரிந்தது. நான் நாலடி தள்ளித்தான் நின்றேன், பயம் போகவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளே, அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், குழிக்கு அளவு எடுக்கும் முன் நான் கேட்டது ஒன்றுதான்: "இந்த ஊட்டுல அடுப்பு பத்த வெக்கறது யாருங்க? அவங்களக் கூப்புடுங்க."