பச்சைத்தோல் தராசில் நான்

உடம்பைக் குறைப்பது யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டிய காரியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாற்பத்து நாலு வயது ஆள் இப்படி நம்பலாமா? நம்பினேன்.

காரணம் இருந்தது. எங்கள் ஆம்பூரில் ஒரு மனிதன் குண்டாக இருந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. இளைத்தால் போச்சு! "இன்னா சார், சுகரா?" என்பார் ஒருவர். "கம்பெனியில ஆர்டர் கம்மியா?" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் என்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் கேட்பார்.

ஆகவே ரகசியம்.

இதை ஆரம்பித்து வைத்தவர் வேலூர் டாக்டர். கையில் பட்டையைச் சுற்றி, பம்பை அமுக்கி, பாதரசம் ஏறிய உயரத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல யாருக்காவது ஹார்ட்...?" என்று இழுத்தார்.

"அண்ணனுக்கு, டாக்டர்."

"இப்ப எப்படி இருக்கார்?"

"இல்லீங்க. நாப்பத்தி நாலு வயசுல போய்ட்டாரு. மாடிப்படி ஏறும்போது."

"உங்களுக்கு இப்ப வயசு?"

"நாப்பத்தி நாலு."

டாக்டர் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார். எண்பத்தாறு கிலோ இருக்கிறீர்கள், மூன்று மாதத்தில் எட்டு கிலோ இறங்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றார்.

"இறங்கலைன்னா?"

"உங்க ஆபீஸ் மாடியிலயா?"

"ஆமாங்க."

மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் விடிந்ததும் பால் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வசந்தாவிடம் — என் மனைவியிடம் — டாக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. பால் வாங்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். இருபது வருடமாகப் பால் வாங்காத புருஷன் திடீரென்று பால் வாங்கப் போனால் ஒரு பெண்ணுக்குச் சந்தேகம் வராதா? வந்தது. பாலில் தண்ணீர் ஜாஸ்தியாகிவிட்டதால் நேரில் போய்ச் சண்டை போடப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டாளாம்.

ரயில்வே கேட் வரைக்கும் விறுவிறுவென்று நடந்தேன். அங்கே ஒரு டீக்கடை. மூச்சு வாங்கியது. உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் டீ. டீ என்றால் பட்டர் பன். ரகசியத்தில் இது ஒரு பெரிய வசதி பாருங்கள் — எவ்வளவு தூரம் நடந்தாய் என்று கேட்கவும் ஆள் கிடையாது, எத்தனை பன் தின்றாய் என்று கேட்கவும் ஆள் கிடையாது.

ஐந்தாம் நாள் கேட்க ஆள் வந்துவிட்டார்.

கஃபூர் பாய். எங்கள் தோல் கம்பெனியில் செலக்‌ஷன் பார்க்கிறவர். தோலை ஒரு தடவை தடவிப் பார்த்து இது ஒன்றாம் நம்பர், இது நாலாம் நம்பர், இது ரிஜெக்ட் என்று சொல்லிவிடுவார். அதே கம்பெனியில் டிஸ்பாட்ச் செக்‌ஷனில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து பேக்கிங் லிஸ்ட் டைப் அடிப்பவன் நான். அவர் காலைத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். காலித் தூக்கைப் பார்த்தார். பன்னைப் பார்த்தார். தடவிப் பார்க்கக்கூட இல்லை.

"இன்னா சார், நாலு நாளா பாக்குறேன். பால் வாங்குற ஆளு மூஞ்சி இது இல்லியே? வீட்ல எதுனா பேஜாரா?"

சொல்லிவிட்டேன். பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"யார்ட்டயும் சொல்லிடாதீங்க பாய்."

"சேச்சே!" என்றார் பாய்.

பத்து மணிக்குக் கம்பெனி முழுக்கத் தெரிந்திருந்தது. தோல் பதனிடும் டிரம்களை ஓட்டுகிறவர்கள் என்னைப் பார்த்து "எட்டு கிலோ!" என்று விரல் காட்டினார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பாய் தீர்ப்புச் சொன்னார்.

"தினம் தொழுகை முடிஞ்சதும் உங்க ஊட்டு வாசல்ல நிப்பேன். வரணும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சின்னப்பன் தராசுல ஏறணும். கணக்குப் போர்டுல ஏறும். எல்லாரும் பாப்போம்."

சின்னப்பன் தராசு என்றால் பச்சைத்தோல் நிறுக்கிற தராசு. கம்பெனி கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டில், தரையோடு தரையாக ஒரு பலகை. லாரியில் வருகிற உப்புத்தோல் கட்டுகளை அதில் தள்ளி, சின்னப்பன் எடை பார்த்துக் கரும்பலகையில் எழுதுவார். இருபது வருடமாக அவருக்கு அதுதான் வேலை. அந்தச் சனிக்கிழமை போர்டில் பேரணாம்பட்டு லோடு, வாலாஜா லோடு, அதற்குக் கீழே 'சார் — 86'.

வெட்கமாக இருந்ததா? இருந்தது. ஆனால் திங்கட்கிழமை காலையில் வாசலில் பாய் செருமியபோது எழுந்து நடந்தேன். தூக்கை எடுக்கவில்லை. வசந்தா வாசல்வரை வந்து, "இதை எங்கிட்ட சொன்னா என்ன கொறஞ்சா பூடும்?" என்றாள். அன்றிலிருந்து ராத்திரிக்குப் பரோட்டா போய் கோதுமைக் கஞ்சி வந்தது. குறைந்தது அதுதான்.

பாலாற்று மணலில் நடந்தோம். தண்ணீர் இல்லாத ஆற்றில் நடக்கிற சௌகரியம் எங்கள் ஊருக்கு உண்டு. பாய்க்கு என் வயதுதான், ஆனால் வேகம். "இன்னா சார், ஊர்கோலமா போறோம்? கால எடுத்துப் போடுங்க!" அடுத்த சனிக்கிழமை எண்பத்தைந்தரை. போர்டுக்கு முன்னால் நின்று கைதட்டினார்கள். ஸ்கூலில் வாங்காத கைதட்டல் ஐயா!

மூன்றாவது சனிக்கிழமைதான் விபரீதம்.

வழக்கமாக மத்தியானம், ஆபீஸ் ஃபேனுக்குக் கீழே காய்ந்த உடம்போடு போய்த் தராசில் ஏறுவேன். அன்று மத்தியானம் நாலு லோடு வருகிறது, காலையிலேயே வந்துவிடுங்கள் என்று சின்னப்பன் சொல்லியிருந்தார். கத்திரி வெயில் காலம். பாய் மணலில் இரண்டு மடங்கு தூரம் இழுத்துப்போய், அங்கிருந்து நேரே ஷெட்டுக்குக் கொண்டுவந்து என்னைத் தராசில் ஏற்றினார். சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும்.

சின்னப்பன் எடை பார்த்தார். சாக்பீஸை எடுத்தார். எழுதினார்.

சார் — 79.

ஷெட்டே அதிர்ந்தது. ஒருவன் விசில் அடித்தான். பாய் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ஒரே வாரத்துல ஆறரை கிலோ! ஒன்னாம் நம்பர் சார் நீங்க!"

நானும் சிரித்தேன். மாடிப்படியில் பாதி ஏறியபோதுதான் சிரிப்பு நின்றது.

ஒரு வாரத்தில் ஆறரை கிலோவா? எந்த மனிதனுக்கு இறங்கும்? நோய் வந்தவனுக்கு இறங்கும். அண்ணனும் கடைசி மாதம் இளைத்துத்தானே இருந்தான்? "நல்லா ஸ்லிம்மா ஆய்ட்டே" என்று நான்தானே சொன்னேன்? அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் கிடையாது. அந்த ஒரு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்கிறீர்கள்? நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை இழுத்துப் பார்த்தேன். நாடி பிடித்து எண்ணினேன். எண்ண எண்ண அது வேகமாக ஓடியது. பேண்டைப் போட்டுப் பார்த்தேன் — லூசாகத் தெரிந்தது. பெல்ட் அதே பழைய ஓட்டையில்தான் நின்றது. பெல்ட்டும் என்னோடு சேர்ந்து இளைத்துவிட்டது என்று முடிவு செய்தேன். தோல் கம்பெனிக்காரன் நான், தோல் சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா?

"ஏங்க, எதுக்கு இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துறீங்க?" என்றாள் வசந்தா.

"வாக்கிங்."

"ஊட்டுக்குள்ளயா?"

ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரத்தில் காசு போடுகிற எடை மெஷின் இருக்கிறதே... விளக்கெல்லாம் மின்னி, சக்கரம் சுற்றி, அட்டையைத் துப்பியது. எண்பத்தைந்து கிலோ. பின்பக்கம், 'உங்கள் அச்சங்கள் ஆதாரமற்றவை' என்று அச்சடித்திருந்தது.

அதை நம்பியிருக்க வேண்டியதுதானே? ரயில்வே மெஷின் எந்தக் காலத்தில் சரியாக இருந்திருக்கிறது! எங்கள் கம்பெனித் தராசு ஒரு பிடி உப்பைக்கூட விடாது. அட்டையைக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டேன்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். பாயும் போட்டார். வேலூர் பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கஃபூர் பாய் பேசாமல் வருவது எவ்வளவு பயங்கரம் என்று அவரோடு பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

டாக்டர் என்னை அவருடைய மெஷினில் ஏற்றினார். எண்பத்தைந்து.

"ஒரு கிலோ இறங்கியிருக்கு. குட். இதுக்கு ஏன் இப்படி நடுங்கறீங்க?"

"முந்தாநாள் எழுபத்தி ஒம்பது காட்டுச்சு டாக்டர்."

"எதுல?"

"எங்க கம்பெனி தராசுல."

"அது எதை நிறுக்கற தராசு?"

பாய் முந்திக்கொண்டார். "மாட்டுத்தோலுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார்.

அடுத்த பஸ்ஸில் ஆம்பூர். நேரே ஷெட். சின்னப்பன் நிதானமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"யோவ் சின்னப்பா! சனிக்கிழமை எனக்கு இன்னா எடை காட்டுச்சு?"

"எம்பத்தஞ்சு சார்."

"அப்புறம் ஏன்யா எழுபத்தி ஒம்பதுன்னு எழுதுனே?"

"நீங்க சொட்டச் சொட்ட வந்து ஏறுனீங்க. ஈரத்தோல் வந்தா நூத்துக்கு ஏழு கழிக்கணும். அதான் இங்க ரூலு. கழிச்சி எழுதினேன்." எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, தான் ஏதோ கறாராக நடந்துகொண்டதாக நாங்கள் வருத்தப்படுகிறோம் என்று நினைத்துவிட்டார் போல. "உப்புக்கும் கழிச்சிருக்கணும். நம்ம சாராச்சேன்னு அத உட்டுட்டேன்" என்றார்.

பாய் தரையில் உட்கார்ந்து சிரித்தார். டிரம்காரர்கள் வந்து, விஷயம் கேட்டு, அவர்களும் உட்கார்ந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊரில் பாதிப் பேருக்கு என் ஈரம் தெரிந்துவிட்டது.

போதும் என்று தோன்றியது. நடையும் வேண்டாம், போர்டும் வேண்டாம், கைதட்டலும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை வாசலில் செருமல் கேட்டது. போர்வையை இழுத்துக்கொண்டேன். மறுபடி செருமல். வசந்தா போய்க் கதவைத் திறந்துவிட்டாள் — அவளும் அந்தக் கட்சிதான். பாய் கூடத்திலேயே வந்து நின்றார்.

"உடம்பு சரியில்ல பாய்."

"எழுந்திரிங்க சார்."

"எனக்காக நீங்க ஏன் கஷ்டப்படணும்? விட்ருங்களேன்."

பாய் என் போர்வையை இழுத்து மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "உங்க அண்ணனைத் தூக்குன நாலு பேர்ல நான் ஒருத்தன். மறந்துட்டீங்களா? இளைச்சிருந்தும் அவரே கனம். ஆத்தங்கரை போறதுக்குள்ள ரெண்டு தடவை தோள் மாத்துனோம். நீங்க அவரைவிட ஜாஸ்தி. எனக்கும் வயசாச்சு சார், என்னால ஆவாது. எழுந்திரிங்க."

எழுந்தேன். வேறென்ன செய்வது?

தனியாக நடந்தபோது என்னை ஏமாற்ற நான் ஒருவனே போதுமானவனாக இருந்தேன். நாலு பேருக்குச் சொன்ன பிறகு ஏமாற்றுவதற்கு ஒரு கமிட்டி தேவைப்பட்டது. அந்தக் கமிட்டியும் காலை ஐந்தரைக்கே எழுப்பிவிடுகிறது. இதில் எது மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

சின்னப்பன் இப்போது என்னைத் தராசில் ஏற்றுவதற்கு முன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்க்கிறார். துணைக்கு வந்த பாய்க்குத்தான் என்னைவிட அதிகம் இறங்கியிருக்கிறது. கடைத்தெருவில் அவரை நிறுத்தி, "இன்னா பாய், சுகரா?" என்று கேட்கிறார்கள். அவர் என்னைக் கை காட்டுகிறார்.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடம் போனேன். எட்டு கிலோ இறங்கவில்லை, நாலரைதான். பாதரசம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒரு சின்ன மாத்திரை எழுதினார், நடையை நிறுத்தாதீர்கள் என்றார்.

போன செவ்வாய்க்கிழமை எனக்கு நாற்பத்தைந்து வயது பிறந்தது. ஆபீஸ் மாடிப்படியை நிற்காமல் ஏறினேன். எண்பத்தொன்றரை கிலோ — ஈரம் கழிக்காமல்.