சிரட்டைத் தண்ணீர்

நாங்கள் நோனா என்று கூப்பிட்ட ஒல்லாந்து வெள்ளைக்காரி எங்கள் பிள்ளைமடுவத்துக்கு முதன்முதலாக வந்த அன்று, அவள் கை கழுவ மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போன நேரம் பார்த்து, கொண்டுவந்திருந்த சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். பிஸ்கோத்து இருக்கும், இல்லாவிட்டால் வேதப் புத்தகம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் இல்லை. நார் போகச் சுரண்டி, விளிம்பு தேய்த்த தேங்காய்ச் சிரட்டைகள் சாக்கு நிறைய இருந்தன. மரத்துக்கு மரம் பால் வடியச் சிரட்டை வைத்திருக்கும் ரப்பர் தோட்டத்துக்கு ஒருத்தி வேலை மெனக்கெட்டுச் சிரட்டை சுமந்துகொண்டு வருவாளா? எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை.

குருவிட்டைக்கு மேலே இருந்தது அந்தத் தோட்டம். தாய்மார் விடியுமுன் பால் வெட்டப் போவார்கள். அவர்கள் திரும்பும் வரை பிள்ளைகளை மடுவத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் என்பதற்காகக் கொடுத்த வேலை அது. இந்த நோனாவும் என்னைப் போலப் பிள்ளை பார்க்கிறவள்தான், அவள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடமே நடத்தியவள், இனி வாரத்தில் இரண்டு நாள் இரத்தினபுரியிலிருந்து வண்டியில் வருவாள், அவளிடம் தொழில் கற்றுக்கொள் என்றார் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். ஒல்லாந்துக்காரர்கள் ஒரு காலத்தில் இந்தத் தீவை ஆண்டவர்கள் என்றும் சொன்னார்.

"அப்ப விட்டுட்டுப் போன சாமான் ஏதாச்சும் கெடக்கான்னு பாக்க வந்திருப்பா" என்றேன். கிளாக்கர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் இருவருக்கும் சிங்களம் வந்தது. என்னுடையது கீழ்க் கிராமத்துக் கடையில் பழகியது, அவளுடையது படித்து வந்தது. அந்தச் சிங்களத்தில் என்னை "அக்கே" என்று கூப்பிட்டாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். காரியம் ஆக வேண்டியவர்கள்தான் சட்டென்று முறை வைத்துக் கூப்பிடுவார்கள் என்று அதையும் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனை எட்டு வயதில் ரப்பர் ஷீட் போடும் ஸ்டோருக்கு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பால் உறைய ஊற்றும் அசிட்டில் அவன் விரல் தோல் உரிந்து உரிந்து, சோற்றைப் பிசையும்போதே கண் கலங்குவான். அதைப் பார்த்துக்கொண்டே நான் சாப்பிட்ட நாட்கள் உண்டு. இளையவளுக்கு ஏழு வயது ஆகப் போகிறது. அவளைப் பெரட்டுக்களத்தில் கொண்டுபோய் நிறுத்த மாட்டேன் என்று எனக்குள்ளே சத்தியம் பண்ணியிருந்தேன். காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடம் அது. அங்கே ஒரு தடவை நின்ற பிள்ளை பிறகு பிள்ளையாகத் திரும்பி வருவதில்லை.

நோனா சிரட்டைகளை என்ன செய்தாள்? ஒரு சிரட்டையில் தண்ணீர் மொண்டு இன்னொரு சிரட்டையில் ஊற்றினாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பிறகு அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிந்தினால் திட்டுவதில்லை. ஒரு துணியைக் காட்டுவாள். பிள்ளை போய் அதை எடுத்து, மண்டியிட்டுத் துடைத்து, வாளியில் பிழிந்து, கொடியில் போட வேண்டும். அவ்வளவுதான் பாடம். இதற்கா கப்பல் ஏறி வந்தாள்?

பீலிக்கரையில் பேச்சு கிளம்பியது. மூன்று வயதுப் பையன் ஒருவனுடைய தாய் குடத்தை வைத்துவிட்டு என்னிடம் நேராகவே கேட்டாள்.

"சிரட்டையில மொண்டு, சிந்தாம வாளியில ஊத்தி... இது என்னா வேலங்கக்கா? நாங்க மலையில செய்ற வேலதானே? எம்புள்ளைய இப்பவே பால் எடுக்கப் பழக்குறாளா அவ?"

வாளியில் பால் ஊற்றும்போது கங்காணி கத்துவதும் அதுதானே: ஒரு சொட்டுச் சிந்தக் கூடாது.

மறுமுறை அவள் வந்தபோது கேட்டுவிட்டேன். அவள் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துக் காட்டினாள். அவள் ஊர்ப் பள்ளிக்கூடமாம். கவுன் போட்ட பிள்ளைகள் சின்னச் சின்னக் குவளைகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லோர் காலிலும் சப்பாத்து.

"இவர்கள் வீட்டில் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அக்கே. ஆனாலும் இதைத்தான் செய்கிறார்கள். கை அடங்கினால் மனம் அடங்கும். பிறகு எழுதுவது சுலபம்."

சப்பாத்துப் போட்ட பிள்ளை தண்ணீர் ஊற்றினால் அது விளையாட்டு, விளையாட்டாகவேதான் முடியும். எங்கள் பிள்ளை ஊற்றினால் அது எங்கே முடியும் என்று எனக்குத் தெரியும். இதைச் சொல்லும் அளவுக்கு என் சிங்களம் போதவில்லை. போட்டோவைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அடுத்த பிள்ளையைக் கடித்து வைக்கும் ஒருவன் இருந்தான். சிரட்டை கைக்கு வந்த பிறகு அவன் கடிப்பதை விட்டான். என் மகள், ஓர் இடத்தில் நில் என்றால் நிற்காதவள், நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு பொழுது போவது தெரியாமல் ஊற்றிக்கொண்டிருப்பாள். நானும் பிள்ளைகள் கையிலிருந்து எதையும் வெடுக்கென்று பிடுங்குவதை விட்டிருந்தேன். நோனாவைப் பார்த்துத்தான் விட்டேன், ஆனால் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை மடுவத்தைப் பார்வையிட வரப் போகிறார் என்று சேதி வந்தது. நோனாவுக்குக் கொள்ளைச் சந்தோஷம். பிள்ளைகளின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்தால் எல்லா டிவிஷனிலும் இதைத் தொடங்க விடுவார் என்றாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் துரை கண்ணில் படவே கூடாது என்று எனக்குப் பட்டது. அவள் வராத நாளில் பிள்ளைகளை உட்கார வைத்து ரகசியம் சொன்னேன்.

"தொர வந்தா எல்லாரும் தண்ணியக் கீழ ஊத்திடணும். நெறையா. சரியா?"

அவர்களுக்குக் குஷி தாங்கவில்லை.

துரை வந்தார், பின்னால் கங்காணி. நோனா கைகட்டி ஓரமாக நின்றாள். பிள்ளைகள் சொன்னதைச் செய்தார்கள், சொன்னதற்கு மேலேயே செய்தார்கள். மடுவம் முழுக்கத் தண்ணீர். துரையின் சப்பாத்து நனைந்தது. நோனாவின் முகம் வெளுத்தது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அடுத்து நடந்ததை நான் யோசிக்கவே இல்லை. சிந்திய பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. யாரும் சொல்லவில்லை. துணியை எடுத்தன, மண்டியிட்டன, துடைத்தன, பிழிந்தன. சத்தமில்லை, சண்டையில்லை. முன்னால் நின்றவள் என் மகள். துரையின் சப்பாத்தைச் சுற்றி ஈரம் போகத் துடைத்து, துணியை முறுக்கிப் பிழிந்து, உதறிக் கொடியில் போட்டாள். சிந்தச் சொன்ன நான் துடைக்காதே என்று சொல்ல மறந்திருந்தேன்.

துரை பிரம்பால் அவளைக் காட்டினார். "இந்தக் குட்டி நல்லா வேல செய்யுது. நாளைக்கிப் பெரட்டுக்கு வரட்டும்."

கங்காணி தலையாட்டினார். அவர்கள் போய்விட்டார்கள். என்ன சொன்னார் என்று நோனா கேட்டாள். சொன்னேன். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதையில் அவர் பின்னால் ஓடினாள். இங்கிலீஷில் நெடுநேரம் பேசினாள். திரும்பி வரும்போது காது இரண்டும் சிவந்திருந்தது.

"குழந்தை மிகவும் சின்னவள் என்றேன், அக்கே. சின்னவள் இல்லை என்று நீதானே எனக்குக் காட்டினாய் என்கிறார்."

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் துரையின் ஆள் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்ததும் ஆத்திரம் கூடத்தான் கூடியது. கள்ளியாக இருந்திருந்தால் கெஞ்சிக் கூத்தாடிப் பேரம் பேசியிருக்கலாம். நல்லவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

துரை சொன்ன பிறகு முடியாது என்றால் நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பராவைக் காலி பண்ண வேண்டும். இரவு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"பால ஊத்தும்போது கீழ சிந்திடு. தெனம் சிந்து. அடிப்பாங்க, அழு. ஆனா தொடைக்காத, கண்ணு. துணி கேக்காத."

"நோனா ஏசுவாங்களா?"

"ஏச மாட்டா."

அவள் போனாள். எங்கள் வீட்டுக்காரர் வெட்டும் மலைதான். அவர் பார்க்கப் பார்க்க அடி வாங்கினாள். முதுகில் தடிப்போடு வந்து என் மடியில் படுத்துக்கொண்டு, "இன்னிக்கும் சிந்தினேன்மா" என்பாள். நான் அடித்திருந்தால் கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. கடைசியில் கங்காணியே அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மடுவத்தில் விட்டார்.

"இதுக்குக் கையே வரலம்மா. வாளி வாளியாக் கொட்டுது. தொரைக்கு என்னாத்த தெரியும்! நீயே வச்சுக்க."

நோனா வந்த அன்று என் மகள் ஓரமாக உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கங்காணி தலை தெரிந்தால் இருமுவதற்கு. நடந்ததையெல்லாம் நோனாவுக்குச் சொன்னேன். அவள் குழந்தையின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்ததை நீ தலைகீழாகக் கற்றுக்கொடுத்திருக்கிறாய்."

"இல்ல நோனா, ரெண்டும் தெரிஞ்சாத்தான் இங்க பொழைக்க முடியும்" என்று சிங்களத்தில் எனக்கு வந்தபடி சொன்னேன்.

அவள் குழந்தையின் முதுகிலிருந்து கையை எடுத்தாள். துரை மறுபடியும் வரத்தானே செய்வார், மற்றப் பிள்ளைகளும் வளரத்தானே செய்கிறார்கள் என்றாள். பிறகு என் மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிரட்டையில் தண்ணீர் மொண்டு, எப்படிச் சிந்துவது என்று காட்டச் சொன்னாள்.

என் மகள் காட்டினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, சிரட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல், அத்தனை கவனமாக ஊற்றினாள். தண்ணீர் முழுவதும் தரைக்குப் போயிற்று. நோனாவும் ஊற்றினாள். அவள் மடியெல்லாம் நனைந்தது.

என் மகள் தலையை ஆட்டினாள். "வேணும்னு ஊத்துறது தெரியுது. கங்காணி நம்ப மாட்டாரு. இன்னொருக்கா ஊத்தச் சொல்லும்மா."

நான் பாதையில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே அதைச் சிங்களத்தில் சொன்னேன். நோனா மறுபடியும் சிரட்டையில் தண்ணீர் மொண்டாள்.