முடிச்சு இல்லாத சலைன் பாட்டில்

என் மாமியார் யாரையும் நம்பமாட்டார். பால்காரரை, கடிகாரத்தை, அப்புறம் என்னை. ஆஸ்பத்திரியில் சலைன் காய்ச்சும் அறையில் ரப்பர் குழாயும் கண்ணாடிப் பாட்டிலும் கழுவுவது அவர் வேலை. ஒரே குழாயைக் கழுவிக் கழுவி நூறு பேருக்கு மாட்டிய காலம் அது. அன்று வடித்த தண்ணீரில் அன்றே உப்புக் கலந்து காய்ச்சியதைக் கண்ணால் பார்த்தால்தான் பாட்டிலின் கழுத்தில் ஒரு நூல் முடிச்சுப் போடுவார். டாக்டர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

எனக்கு அப்போது மூன்றாம் மாதம். குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி. உடம்பில் நீர் ஏறாவிட்டால் பிள்ளை தங்காது என்று சொல்லி வார்டில் சேர்த்தார்கள். அத்தை இரண்டு நாள் லீவு போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுவே எனக்குச் சந்தேகம். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவருக்குத் திடீரென்று என்ன அக்கறை?

இரண்டாம் நாள் நர்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினார். அத்தை அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். முடிச்சு இல்லை.

“இது வேண்டாம் சிஸ்டர். நான் இல்லாத ரெண்டு நாளும் தண்ணிய வடிச்சு ஜாடியிலயே போட்டு வச்சிருப்பாங்க. தேங்கின தண்ணிய எவ்வளவு காய்ச்சினாலும் குளிர் ஜுரம் வருது.”

“டாக்டருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. சந்தேகம்தான். பழையபடி கீழ்வழியா ஏத்துங்க. அதுக்கு அடுப்புல காய்ச்சின உப்புத்தண்ணியே போதும்.”

கீழ்வழி என்றால் ஆசனவாயில் குழாயை விட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்குவது. எனக்கு மானமே போயிற்று. என்னையும் பிள்ளையையும் ஒழித்துக்கட்டத்தான் இந்தத் திட்டம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

“அத்தை, எனக்கு அந்த பாட்டில்தான் வேணும்.”

“பேசாம திரும்பிப் படு.”

நர்ஸுக்குப் பாட்டிலை வீணாக்க மனமில்லை. கழற்றி, அடுத்த கட்டிலில் வயிற்று ஆபரேஷன் முடிந்து கிடந்த பெண்ணுக்கு மாட்டினார். என் குழாயைப் பிடித்திருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் அந்தக் கட்டில் கடகடவென்று ஆடியது. நான்கு கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. சாயங்காலம் அவள் இறந்துபோனாள்.

எனக்குப் பெண் பிறந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தையால்தான் இவள் பிழைத்தாள் என்று வாய் ஓயாமல் சொன்னேன். ஒருநாள் அத்தை தொட்டிலை ஆட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“உனக்கு வேண்டாம்னு சொன்னேன்ல, அவளுக்கும் வேண்டாம்னு சொல்ல என் வாய்க்கு என்ன கேடு?”